உப்பளமும் ஒரு வாக்கியமும்

2017-ம் வருஷம் செப்டம்பர் மாதம் மத்திய சர்க்கார் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் என்று ஒன்றை வெளியிட்டது. அச்சில் சில பக்கங்கள்தான். அதை இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்; சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஈரநிலம் என்றால் என்ன என்று விளக்குகிற ஒரு வாக்கியம் அதில் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்ளப் போகிறேன். நாவலுக்கு மதிப்புரை எழுதுகிற மாதிரி சட்டத்துக்கும் எழுதலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏன் கூடாது? வக்கீல் தன் கட்சிக்காரருக்கு எது சாதகம் என்று பார்த்துப் படிக்கிறார். அதிகாரி தன் ஆபீஸுக்கு எது வேலை, எது வேலையில்லை என்று பார்த்துப் படிக்கிறார். வார்த்தை என்ன சொல்லுகிறது என்று மட்டும் பார்த்துப் படிக்கவும் ஓர் ஆள் இருந்தால் நஷ்டமில்லை.

வாக்கியம் இரண்டு பாதியாக இருக்கிறது. முதல் பாதி சொந்தச் சரக்கல்ல. ஈரான் தேசத்தில் ராம்சார் என்ற ஊரில் 1971-ல் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து எடுத்தது. இந்தியா அதில் 1982-ல் சேர்ந்தது. சேறோ, சதுப்போ, வெறும் தண்ணீரோ, தானாக அமைந்ததோ, மனிதன் உண்டாக்கியதோ, வருஷம் பூராவும் இருப்பதோ, சில மாதம் மட்டும் இருப்பதோ, தேங்கியதோ, ஓடுவதோ, நல்ல தண்ணீரோ, உவர்த் தண்ணீரோ, உப்புத் தண்ணீரோ, எல்லாம் ஈரநிலம்தான் என்பது அதன் சாரம். நல்ல வசனம் என்றே சொல்லவேண்டும். எதையும் விட்டுவிடக்கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

அத்தோடு முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ‘ஆனால்’ என்று ஒரு வார்த்தை வருகிறது. அதற்குப் பிறகு வருவது நம்மவர்கள் சேர்த்தது. ஆற்றின் போக்கு சேராது. நெல் வயல் சேராது. குடிதண்ணீருக்கென்று மனிதன் கட்டிய நீர்நிலை சேராது. மீன் வளர்ப்பதற்கும், உப்பு எடுப்பதற்கும், உல்லாசத்துக்கும், பாசனத்துக்கும் என்றே கட்டப்பட்டவை சேரா.

மனிதன் உண்டாக்கியதும் அடக்கம் என்று முன்பாதியில் சொல்லியாகிவிட்டது. பின்பாதியில், மனிதன் எதற்கெல்லாம் உண்டாக்குவானோ அத்தனையும் தள்ளியாகிவிட்டது. மிச்சம் என்ன இருக்கிறது? குளம் வெட்டுகிறவன் குடிக்க வெட்டுவான், பயிருக்குப் பாய்ச்ச வெட்டுவான், மீன் விட வெட்டுவான். காரணமே இல்லாமல் குளம் வெட்டியவன் எவனாவது உண்டா? தமிழ்நாட்டில் ஏரி என்று நாம் சொல்லுகிற அநேகமாக எல்லாமே பாசனத்துக்காக நம் முன்னோர்கள் கரை போட்டவைதாம். 2010-ல் வந்த முந்திய விதிகளில் ஏரியும், நீர்த்தேக்கமும், மனிதன் உண்டாக்கிய ஈரநிலமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. ஏழு வருஷத்தில் அவை வெளியே போய்விட்டன. ராம்சார்காரர்கள் தங்கள் வகைப் பட்டியலில் உப்பளத்தைத் தனியாக ஓர் ஈரநில வகை என்றே வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வாக்கியத்தைக் கடன் வாங்கியவர்கள் அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ளவில்லை.

இது ஏதோ இலக்கணச் சண்டை என்று வாசகர்கள் நினைத்துவிடக்கூடாது. இந்தப் பின்பாதி எங்கே போய்த் தைக்கிறது என்று பார்க்கவேண்டுமானால் கேளம்பாக்கம் வரை போகவேண்டும். அதிக தூரமில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி, கேளம்பாக்கத்தில் கிழக்கே கோவளம் சாலையில் திரும்பினால், கொஞ்ச தூரத்தில் வீடுகள் நின்றுவிடும். இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் கழி, இன்னொரு பக்கம் வரப்பு வரப்பாகப் பாத்திகள், நடுவே பக்கிங்காம் கால்வாய். ஒரு காலத்தில் இந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. இப்போது படகு இல்லை. ஆகாயத் தாமரையும், பட்டணத்துக் கழிவும் போகின்றன. ‘பாக்கம்’ என்பது கடற்கரை ஊருக்குப் பழைய பெயர். இந்தப் பக்கத்தில் நடந்தால் பாக்கங்களுக்குக் குறைவே இல்லை. கடலை விட்டு ஊர்கள் எங்கும் போய்விடவில்லை. கழியை மட்டும்தான் வழியில் தொலைத்துக்கொண்டு வருகிறோம்.

தை, மாசி மாதங்களில் காலையில் அந்தச் சாலையில் போய் நின்றால், இது எதற்காக எழுதுகிற கட்டுரை என்று நான் சொல்லவே வேண்டாம். பூநாரை நிற்கும். கூழைக்கடா நிற்கும். நெடுங்கால் உள்ளானும், கருவால் மூக்கனும், ஆலாக்களும், பெயர் தெரியாத சின்ன உள்ளான்கள் கும்பல் கும்பலாகவும் நிற்கும். பலவும் இமயத்துக்கு அப்பாலிருந்து வந்தவை. சாலை ஓரத்தில் கார்களை நிறுத்திவிட்டுப் பெரிய பெரிய காமிராக்களுடன் இளைஞர்கள் நிற்கிறார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்கள். பறவைகள் இரண்டு தரப்பாரையும் லட்சியம் செய்வதில்லை.

அவை ஏன் அங்கே வருகின்றன? இதைச் சொல்லுவதற்கு உப்பு எப்படி விளைகிறது என்று சொல்லவேண்டும். கழித் தண்ணீரை மதகு வழியாக உள்ளே வாங்குவார்கள். பெரிய பாத்தியில் தேக்குவார்கள். வெயிலில் அது சுண்டும். சுண்டியதை அடுத்த பாத்திக்கு விடுவார்கள். அங்கே இன்னும் சுண்டும். இப்படிப் பாத்திக்குப் பாத்தி உப்பு ஏறிக்கொண்டே போய், கடைசிப் பாத்தியில் பூத்துப் படியும். அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். ஆக உப்பளம் என்பது ஒரே தண்ணீர் அல்ல. ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு ஆழம், ஒவ்வொரு காரம். ஒன்றில் மீன் குஞ்சு இருக்கும். அடுத்ததில் மீன் பிழைக்காது. உப்புத் தண்ணீரில் மட்டும் வாழ்கிற சிறிய இறால் வகையும் ஈயின் புழுவும் கொழிக்கும். நீண்ட கால் பறவைக்கு ஓர் ஆழம், குட்டைக் கால் பறவைக்கு ஓர் ஆழம். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டித் தின்கிறது. அதன் ரோஜா நிறம்கூட அது தின்பதிலிருந்து வருவதுதான். முழங்கால் அளவுக்கும் குறைந்த தண்ணீர் ஏக்கர் கணக்கில் ஒரே மட்டத்தில் கிடைக்கிற இடத்தை இயற்கையே எங்கும் அவ்வளவு சுலபமாகச் செய்துவிடுவதில்லை. உப்பளத்துக்காரன் மட்டம் பார்த்துச் செய்கிறான், தன் பிழைப்புக்காக. பறவை தன் பிழைப்புக்காக வருகிறது.

வரப்பு ஒன்றின் மேல் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இளமையில் உப்பு வாரியவர்.

“இந்தப் பாத்தியெல்லாம் இப்போ விளையுதா, பெரியவரே?”

“எங்கே சார், அந்தாண்ட ரெண்டு மூணுதான். இதெல்லாம் விட்டுட்டாங்க. கூலி கட்டல.”

“பறவை மட்டும் வருதே?”

“அதுக்குக் கணக்கு வழக்கா பார்க்கத் தெரியும்? தண்ணி நிக்குது, வருது. மண்ணு கொட்டிட்டா வராது.”

மண் கொட்டினால் வராது. இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியும் என்று தோன்றவில்லை.

இப்போது வாக்கியத்துக்குத் திரும்பலாம். விலக்குக் கொடுத்தவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது, வசை ஆகும். உப்பு விளைகிற பாத்தியை ஈரநிலம் என்று அறிவித்துவிட்டால், வரப்பு திருத்தவும் மதகு மாற்றவும் உப்பளத் தொழிலாளி ஆபீஸ் ஆபீஸாக அலையவேண்டி வரும். நெல் வயலுக்கும் அப்படியே. ஏழைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்ற எண்ணத்தில் செய்திருக்கலாம். அந்த எண்ணம் சரியானதே.

ஆனால் எண்ணம் வேறு, எழுதியது வேறு. எழுதியிருப்பது ‘கட்டப்பட்டவை’ என்பது. இறந்த காலம். உப்பு எடுப்பதற்கென்று கட்டப்பட்டதா என்பதுதான் கேள்வி; இன்று அங்கே உப்பு எடுக்கிறார்களா என்பது கேள்வியே அல்ல. உப்பு நின்று இருபது வருஷம் ஆகி, வாரியவர்களும் வேறு வேலைக்குப் போய், பாத்தி பூராவும் பறவை நின்றாலும், பிறந்தபோது உப்பளமாகப் பிறந்த குற்றத்துக்காக அது என்றைக்கும் ஈரநிலம் ஆகாது. தொழிலாளிக்காகக் கொடுத்த விலக்கு, தொழிலாளி போன பிறகும் நிற்கிறது. அப்போது அது யாருக்குப் பயன்படும்? காலியாகக் கிடக்கிற மட்டமான நிலம், இரண்டு பெருஞ்சாலைகளுக்கு நடுவில், ஐ.டி. கம்பெனிகளுக்குக் கூப்பிடு தூரத்தில். பதிலைச் சொல்ல நாவலாசிரியன் வேண்டியதில்லை. ‘உப்பு எடுத்துக்கொண்டிருக்கிற’ என்று எழுதியிருந்தால் தொழிலாளியும் பிழைத்திருப்பான், பறவையும் பிழைத்திருக்கும். வினைச்சொல்லின் காலத்தை மாற்றவேண்டியதுதான் பாக்கி.

பாத்தி போனால் போகிறது, கழி இருக்கிறதே என்று கேட்கலாம். கழி கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைக்குள் வருகிறது. அந்த அறிவிக்கை செல்லுகிற இடத்தில் தனக்கு வேலை இல்லை என்று ஈரநில விதியே சொல்லிவிடுகிறது. இரண்டு மருமகள்கள் உள்ள வீட்டில் கிழவிக்குச் சோறு போடுகிற கதை போலத்தான் இது நடக்கவேண்டும் என்றில்லை. கடற்கரை அறிவிக்கை தன் பங்கை ஒழுங்காகச் செய்தால் சரி. 1991-ல் ஒன்று வந்தது, 2011-ல் ஒன்று, 2019-ல் ஒன்று. கழி ஓரத்தில் கட்டக்கூடாத தூரம் 2011-ல் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019-ல் 100 என்பது 50 ஆகிவிட்டது. கழி எதுவரை கழி என்று எப்படித் தெரியும்? வருஷத்தில் மிக வறண்ட காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கிற இடம் வரை. இது நல்ல ஏற்பாடுதான், தண்ணீரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறது.

ஆனால் அதே அறிவிக்கையில் இன்னொரு ஷரத்து, கரைகளைப் பற்றியது. 1991 பிப்ரவரி 19-ந் தேதிக்கு முன்னால் போட்ட கரையோ மதகோ இருந்தால், கடலின் உயர் அலை எல்லை அந்தக் கரையோடு நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளவேண்டும். உப்பளம் என்றாலே கரையும் மதகும்தான். கடல் தண்ணீர் மதகு வழியாக உள்ளே போய் உப்பாகவே ஆகிவிடுகிறது. இருந்தாலும் சட்டப்படி கடல் மதகுக்கு வெளியே நிற்கிறது. இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கரைக்குள் அலையாத்தி மரங்கள் முளைத்திருந்தால் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அந்த இடத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். மரத்துக்கு இடம் உண்டு. மரமில்லாத வெறும் தண்ணீரில் நிற்கிற பறவைக்கு இல்லை.

முதல் தரமான பாதுகாப்புக்கு உரிய இடங்கள் என்று ஒரு பட்டியலும் அறிவிக்கையில் உண்டு. பவளப் பாறை, மணல் குன்று, ஆமை முட்டையிடும் இடம், பறவைகள் கூடு கட்டும் இடம் என்று போகிறது. சேற்று நிலமும் உண்டு. உயிரோட்டமுள்ள சேறாக இருந்தால் மட்டும். உயிரோட்டமில்லாத சேறு எது, அதை யார் கையை விட்டுப் பார்த்துச் சொல்லுவார்கள் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு. அது கிடக்கட்டும். பறவைகள் கூடு கட்டும் இடம் என்கிறார்களே, அதைக் கவனிக்கவேண்டும். கேளம்பாக்கத்துக்கு வருகிற பூநாரை அங்கே கூடு கட்டுவதில்லை. தின்ன வருகிறது, தின்கிறது, போகிறது. வீடு கட்டாதவனுக்கு ஊரில் ரேஷன் கார்டு இல்லை.

1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய இதே மனப்போக்கில்தான் இருக்கிறது. வேட்டை என்றால் என்ன என்று அது விஸ்தாரமாகச் சொல்லுகிறது. கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது, முட்டையைக் கெடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் வேட்டை. வாழிடம் என்ற வார்த்தைக்கும் விளக்கம் இருக்கிறது: காட்டு உயிரின் இயற்கையான இருப்பிடமாகிய நிலம், நீர், செடிகொடி. சரணாலயத்துக்கு வெளியே அந்த விளக்கத்துக்கு அதிக வேலை இல்லை. ஒரு பூநாரையைக் கவணால் அடித்தால் ஜெயில். அது தின்கிற நூறு ஏக்கரையும் மூடிவிட்டால், வேறு ஷரத்து எதிலும் மாட்டாதவரையில், அடிக்கல் நாட்டு விழா. பட்டினி போடுவதை வேட்டைக்குள் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் மிருகங்களைப் பற்றிய சட்டம் யாருக்கும் தெரியாது என்று சொல்லமுடியாது. ஜல்லிக்கட்டு விஷயத்தில் 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா நிறைய இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். 2023-ல் ஐந்து நீதிபதிகள் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் செல்லும் என்றார்கள். அடிப்படை உரிமை மிருகத்துக்கு உண்டா என்றுகூட டீக்கடையில் பேசினார்கள். காளைக்குப் பெயர் உண்டு, வளர்த்தவன் உண்டு, ஊர் உண்டு. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் வேறு தேசத்தில் என்று திரிகிற உள்ளானுக்காக மெரினாவில் யார் உட்காருவார்கள்? இதைக் குறையாகச் சொல்லவில்லை. சட்டம் யாருக்கு வாய் இருக்கிறதோ அவர்களைச் சுற்றித்தான் வளர்கிறது.

இதே செங்கல்பட்டு ஜில்லாவில் சட்டம் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. சிப்பாய்கள் அங்கே பறவை சுட்டார்கள், ஊரார் போய் முறையிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 1798-ல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் ஊராரின் பாதுகாப்பு உரிமையை ஒப்புக்கொண்டு உத்தரவு கொடுத்தார். 1858-ல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. 1936-ல் சரணாலயம் ஆயிற்று. ஊரார் ஏன் முறையிட்டார்கள்? ஜீவகாருண்யம் இருந்திருக்கலாம், ஆனால் பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. நெல் வேறு, நாரை வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை. அந்தக் கலெக்டருக்கும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை என்பது ஆச்சரியம்தான். இன்றைய வாக்கியத்தை அந்த ஏரியின் மேல் வைத்துப் பாருங்கள். பாசனத்துக்கென்றே கட்டப்பட்டது, ஆகவே சேராது. சரணாலயம் என்ற வேறு கதவு வழியாகப் பிழைத்தது. அந்தக் கதவும் கெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என்று இருந்த எல்லையைச் சுருக்க 2020-ல் ஒரு யோசனை வந்து, பெரிய கூச்சலுக்கு இடமாயிற்று.

தொல்காப்பியத்தில் ஒரு நிலத்துக்கு உரிய கருப்பொருள் இன்னின்ன என்று வரிசை சொல்லியிருப்பது பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் தெரியும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போகிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பழம்பெருமை பேச வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு விளக்கம் என்ற அளவில், எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள் என்கிறேன். பறவையும் தொழிலும் ஒரே வரிசையில் இருக்கின்றன. நெய்தல் என்றால் நாரையும் உண்டு, உப்பு விளைவிக்கிறவனும் உண்டு, உப்பு வண்டி ஓட்டுகிற உமணனும் உண்டு. சங்கக் கவிகள் இவர்களையெல்லாம் ஒரே கழியோரத்தில் நிற்க வைத்துத்தான் பாடினார்கள். மனிதன் கைபட்டதால் நெய்தல் நெய்தலாக இல்லாமல் போய்விடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 2017 வாக்கியம் எழுதியவர்களுக்கு மனிதன் கை என்பது ஒரு கறை. கைபடாத இடம் ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைக் காப்பாற்றினால் போதும் என்பது அவர்கள் நினைப்பு. கைபடாத இடம் தென்சென்னையில் எங்கே இருக்கிறது?

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழி, கழுவெளி, அளம், ஏரி, தாங்கல், மடு என்று தண்ணீர் நிற்கிற விதத்துக்கு ஒன்றாக நமக்கு வார்த்தை இருக்கிறது. ஆபீஸ் தமிழுக்கு ‘ஈரநிலம்’ போதும். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும்தான் வந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் வெளியிடவேண்டும் என்று டில்லி ஹைகோர்ட் அந்த ஜூன் மாதம் உத்தரவிட்டது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டுமானால் அவர் பாஷையில் கேட்கவேண்டும் என்று சொல்ல ஒரு கோர்ட் தேவைப்பட்டிருக்கிறது.

வடக்கே பள்ளிக்கரணையில் நிலைமை கொஞ்சம் தேவலை. குப்பை கொட்டிக் கொட்டிப் பாதி போன பிறகு, 2007-ல் அதில் 317 ஹெக்டேர் வனத்துறைக்குப் போயிற்று. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் ஏறியது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாகக் கட்ட அனுமதி கொடுக்கவேண்டாம், முதலில் தண்ணீரின் ஆதிக்கம் எதுவரை என்று அளந்து சொல்லுங்கள் என்றது. வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் கலங்கிப் போனார்கள். அவர்கள் கலக்கமும் நியாயமானது. ஆனால் பள்ளிக்கரணைத் தண்ணீர் அங்கேயே உட்கார்ந்திருப்பதில்லை. ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே வந்து, முட்டுக்காடு கழி வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. வெள்ளக் காலத்தில் மேலே உள்ள சதுப்பு வடியவேண்டுமானால் கீழே கழி அகலமாக இருக்கவேண்டும். தண்ணீருக்கு ஒரே உடம்பு. அதன் தலைக்குச் சர்வதேச மரியாதை, காலுக்கு 50 மீட்டர்.

கேளம்பாக்கத்துக்குத் தெற்கே, திருப்போரூரை ஒட்டிய கோவளம் உபவடிநிலத்தில், புதிதாக ஒரு நீர்த்தேக்கம் கட்டப்போவதாக 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. 350 கோடி ரூபாய், 1.6 டி.எம்.சி. கொள்ளளவு. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும். லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள் யாரும் அதை மறுக்க முடியாது. கழியில் மீன், இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் கவலை தெரிவித்திருக்கிறார்கள். உவர்த் தண்ணீர் நல்ல தண்ணீரானால் அவர்கள் பிடிப்பு என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது பொறியாளர்கள். நான் வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன். இன்று அங்கே ஆழமில்லாத உவர்த் தண்ணீர் நிற்கிறது. கரை எழும்பி, மழைத் தண்ணீர் தேங்கி, நீர்த்தேக்கம் பூர்த்தியானதும், குடிதண்ணீருக்கென்றே மனிதன் கட்டிய நீர்நிலை என்ற தலைப்பில் அதுவும் 2017-ம் வருஷத்து ‘ஆனால்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும்.